பிறை தெரியும்வரை இரண்டும் உயிரோடு

சொன்ன விலைக்கு அப்படியே பணத்தை எடுத்து நீட்டுகிறவரைக் கண்டால் முகம்மது கௌஸுக்கு முகம் சுண்டிவிடும். பேரம் பேசாதவன் ஒன்று திருட்டுப் பணம் வைத்திருக்கிறான், அல்லது துணியைத் தடவிப் பார்க்கத் தெரியாதவன். இரண்டு பேருமே ஜவுளிக்கடைக்கு ஆகாதவர்கள் என்பது அவர் எண்ணம். உத்திரமேரூர் கடைத்தெருவில் அந்தக் குடும்பத்துக்கே அப்படி ஒரு பேர் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்திலும் பேரம், பெருநாளன்று குழந்தைக்குக் காசு கொடுப்பதிலும் பேரம். ஆனால் பேசி முடித்தால் முடித்ததுதான். முடிந்த பேச்சை மாற்றினான் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவனையும் காட்ட முடியாது. பொய் சொல்வார்கள், அது வேறு.

அவருடைய தங்கை உம்முல் குல்சும் அதே வீட்டின் மாடி அறையில் இருந்தாள். ஆற்காட்டில் கட்டிக் கொடுத்து, பிள்ளை இல்லை என்று தலாக் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவள். வரும்போது இளம்பெண், இப்போது காதோரம் நரைத்துவிட்டது. அவர்களுடைய அத்தா சாவதற்கு முன்னால் ஜமாஅத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு வைத்து, "மேல் ரூம்பு எம் மகளுக்கு. அவ உசுரோட இருக்கிறவரைக்கும், இல்லாட்டி அவளா இன்னொரு வூட்டுக்கு வாழப் போறவரைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். வியாபாரி சாகும்போதும் ஒரு நிபந்தனை வைத்துவிட்டுத்தான் சாவான்.

அந்த அறையில் அவள் மீன் வளர்த்தாள். முதலில் பொழுது போகாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு கப்பி மீன். அப்புறம் கண்ணாடித் தொட்டி, அப்புறம் சுவர் மறைய அடுக்குத் தொட்டிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நகைக்கடை, பல் டாக்டர் என்று வாங்குகிறவர்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். வாஸ்து மீன் வைத்தால் வீடு விளங்கும் என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பிய வருஷங்கள் அவை. வியாபாரம் அவளை யாரிடமும் கை நீட்டாமல் வைத்திருந்தது.

பெரிய தொட்டியில் இருந்தது மட்டும் விற்பனைக்கு இல்லை. அது ஃப்ளவர்ஹார்ன் மீன். உள்ளங்கை இரண்டை ஒட்டி வைத்த நீளம். நெற்றியில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு. விலாவில் கறுப்புப் பொட்டுகள். அதற்கு அவள் வைத்த பேர் மிராசு. தொட்டிக்குள் செடி நட்டால் பிடுங்கிப் போடும். நத்தையை விட்டால் ஓட்டோடு உடைக்கும். அடியில் கிடந்த கூழாங்கற்களை வாயால் கவ்விக் கவ்வித் தனக்குப் பிடித்த வரிசையில் வைக்கும். அவள் ஒரு கல்லை நகர்த்தினால் அவள் திரும்புவதற்குள் அது பழைய இடத்துக்குப் போயிருக்கும். நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்ட ஜாதி.

தகராறு அந்த ரம்ஜானில் வந்தது. கௌஸின் மகன் ஜமீருக்குச் செய்யாறில் பெண் பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் கூடம் ஒன்று, கௌஸும் மனைவி சாய்ராவும் படுக்கிற அறை ஒன்று, அடுப்பங்கரை ஒன்று. புதுசாக வருகிற பெண்ணைக் கூடத்தில் படுக்கவைக்க முடியுமா என்று சாய்ரா ஆரம்பித்தாள். சாய்ரா ஆரம்பித்தால் அந்த வீட்டில் நாஷ்டாவுக்கு உப்பு இருக்காது, பேச்சில்தான் இருக்கும். அறை காலியாக ஒரே வழி, உம்முல் குல்சும் 'இன்னொரு வூட்டுக்கு வாழப்' போவது. கௌஸ் வந்தவாசியில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். கோரைப்பாய் வியாபாரி, மனைவியை இழந்தவர், வயசு அறுபதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அவரே சரியாகச் சொல்லவில்லை. அவள் மாட்டேன் என்றாள். கௌஸ் கேட்டார், சாய்ரா கேட்டாள், ஜமாஅத்துப் பெரியவர்கள் கேட்டார்கள். மாட்டேன்.

நோன்பு பாதி கடந்திருந்த ஒரு நாள், பெருநாள் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போன கௌஸ், காற்றடைத்த பாலிதீன் பை ஒன்றைக் கையில் தொங்கவிட்டபடி மாடி ஏறி வந்தார். பைக்குள் சிவப்பாக ஒன்று முகத்தை இடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே இது?"

"மீனு. பாம்பா தெரியுது? கொளத்தூர்ல வாங்கியாந்தேன். உன் மிராசுக்குத் தொணை."

"அதுக்கு எதுக்குத் தொணை?"

"எத்தினி நாளைக்கு ஒண்டியாவே சுத்திக்கினு கெடக்கும்? பாக்கறதுக்கே பேஜாரா கீது."

அவர் எதைப் பேசுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"அது ஒண்டியா இருக்கிற ஜாதிண்ணே. இன்னொண்ண வுட்டா கடிச்சே கொன்னு போட்டுடும்."

"ரெண்டு நாளு கடிக்கும், அப்பால பயகிடும். நம்ம கடைக்கு எதிர்லயே ஒருத்தன் ஜவுளிக்கடை தொறந்தானே, அப்ப இன்னா சண்டை! அவன் போர்டு மேல நான் சாணி அடிச்சேன், என் போர்டு மேல அவன் அடிச்சான். இப்ப ரெண்டு பேரும் ஒரே டீய பாதி பாதி ஊத்திக்கினு வெலை வெக்கிறோம். எடம்னு இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கினுதான் ஆவணும்."

"அது கடைத்தெரு. இது தண்ணி."

"எல்லாம் ஒண்ணுதான். வந்தவாசிக்காரரு இன்னும் பதிலு கேட்டுக்கினே கீறாரு."

"அவருக்குக் காலு அமுக்க ஆளு வேணும். ஏற்கனவே மூணு மருமவளுங்க கீறாளுங்க, அதுங்களுக்கே ஒரு அடுப்பு பத்தாம கரண்டியால அடிச்சிக்கினு கீதுங்களாம். நான் போயி எந்த மூலையில ஒக்கார்றது?"

"நீ போனா ரெண்டு நாளு கடிப்பாளுங்க..."

"அப்பால பயகிடுவாளுங்க."

"அத்தான் சொல்றேன்."

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கடைக்கார வீட்டுப் பெண். எதிராளி தானாக நீட்டிய கையைப் பிடிக்காமல் விடமாட்டாள்.

"சரிண்ணே. உன் பேச்சுக்கே வரேன். இத்த வுட்டுப் பாப்போம். ரெண்டும் உசுரோட இருந்துச்சுன்னா நான் வந்தவாசிக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணு செத்துச்சுன்னா, இந்த ரூம்பப் பத்தி நீயும் பேசக்கூடாது, அண்ணியும் பேசக்கூடாது, ஜமீரும் பேசக்கூடாது. நான் செத்து மையத்தா கீய எறங்குறவரைக்கும்."

கௌஸ் தாடியைத் தடவினார். "நோம்பும் அதுவுமா பந்தயம் கட்றியா? ஹராம்."

"யாரு பந்தயம் கட்னா? சாயம் போச்சுன்னா சேலைய திருப்பி எடுத்துக்கறேன்னு கடையில சொல்றியே, அது பந்தயமா? நிபந்தனை."

"எது வரைக்கும்?"

"நீயே சொல்லு."

"பெருநா பிறை தெரியுறவரைக்கும்."

"நடுவுல தடுப்பு வெக்கக்கூடாது."

"நீயும் எத்தையும் வெளிய எடுக்கக்கூடாது."

"சரி."

"தொட்டியில உடறது நானு."

"யாரு உட்டா இன்னா" என்றாள் அவள்.

பேரத்தில் கடைசியாக, போகிற போக்கில், காதைச் சொறிந்தபடி சொல்லப்படுகிற வார்த்தையில்தான் சரக்கே இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டாள். பைக்குள் கிடந்த சிவப்பு மீனைப் பார்த்தாள். மிராசைவிடக் கொஞ்சம் சின்னது. நெற்றிப் புடைப்பு இன்னும் சரியாக ஏறவில்லை. நாளைக்கே செத்துவிடும் என்று நினைத்தாள். பாவம் என்றும் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கி வைத்துவிட்டு நோன்பு திறக்கக் கஞ்சி வைக்கப் போனாள்.

மறுநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கௌஸ் வந்தார். கூட ஜமீர், இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு சட்டி செங்கல் துண்டு. வந்த வேகத்தில் வலையை விட்டு மிராசை அள்ளி வாளியில் போட்டார். அப்புறம் முழங்கை வரைக்கும் தொட்டியில் கையை விட்டு, அது அடுக்கி வைத்திருந்த கூழாங்கல்லையெல்லாம் கலைத்தார். அது படுக்கிற மண்சட்டியைக் கவிழ்த்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றினார். செங்கலைப் புதுசாகப் போட்டார், ஒரு துண்டு பிவிசி குழாயை ஓரத்தில் கிடத்தினார். தொட்டி யார் வீட்டுத் தொட்டியோ மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் சிவப்பைத் திறந்துவிட்டார்.

"இன்னாண்ணே பண்ற? ரெண்டையும் ஒண்ணா உடறதுன்னு பேச்சு."

"ரெண்டையும் உடறதுன்னுதான் பேச்சு. ஒண்ணான்னு யாரு சொன்னா? மொதல்ல இது, அப்பால அது. உடறது நானுன்னு சொன்னேன், சரின்ன."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"வித்தவன்தான். பயைய ஆளோட எடத்த கலைச்சிட்டு, புது ஆள மொதல்ல குடி வெச்சிடணுமாம். அப்பால பயசு வரும்போது அதுதான் புதுசு. எதுக்குடா வம்புன்னு அடங்கிக் கெடக்குமாம்." வாளியைத் தட்டு வைத்து மூடினார். "நம்ம கடைத்தெருவுல இந்த மாதிரி எத்தினி பேர கெளப்பியிருக்கோம்! மீனுக்கும் அதேதான்னு சொன்னப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு."

அந்த வித்தை அவளுக்குத் தெரியாததல்ல. சின்னத் தொட்டிகளில் புது மீன் விடும்போது அவளே செய்வதுதான். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மிராசு வாளியில் கிடந்த நேரத்துக்குள் சிவப்பு தொட்டி முழுவதையும் மோந்து பார்த்து முடித்தது. கவிழ்ந்த சட்டிக்குள் போய்த் திரும்பி முகத்தை வெளியே நீட்டிப் படுத்தது. ஒரு நாள் விட்டு கௌஸ் வந்து மிராசைக் கொட்டினார்.

மிராசு தன் சட்டி இருந்த இடத்துக்கு நேராகப் போனது. அங்கே செங்கல் இருந்தது. அதைச் சுற்றியது. கல் தேடியது. அது தேடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு சட்டியிலிருந்து அம்பு மாதிரி வந்து விலாவில் இடித்தது. மிராசு திரும்பி வாயைத் திறந்தது. இரண்டும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுழன்றன; தண்ணீர் கலங்கியது. மிராசுதான் பெரியது, பலமுள்ளது. ஆனால் தன் இடத்தில் நிற்கிறவன் சண்டை போடுவது வேறு, எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவன் சண்டை போடுவது வேறு. கொஞ்ச நேரத்தில் மிராசு வாலை மடக்கிக்கொண்டு குழாய்க்குப் பின்னால், கண்ணாடிக்கும் பில்டருக்கும் நடுவில், உடம்பு மட்டும் நுழைகிற சந்தில் போய் ஒட்டிக்கொண்டது. நெற்றியின் பளபளப்பு அன்று சாயங்காலமே மங்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கணக்கு உறைத்தது. சிவப்பு சாகாது. மிராசு சாகலாம். செத்தால் அறை அவளுக்கு. சாகாமல் அந்தச் சந்திலேயே கிடந்தால், இரண்டும் உயிரோடு. அவள் வந்தவாசிக்குப் போகவேண்டும்.

கீழே இருந்தவர்களுக்கும் அந்தக் கணக்கு உறைத்திருந்தது. அதுவரை மீன் நாற்றம் என்று மாடிப்படியை மிதிக்காத சாய்ரா தினமும் மேலே வந்தாள். ஒருநாள் ஓதி ஊதிய தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றப் போனாள்.

"அண்ணி, அது மொட்டைமாடி டேங்க்கு தண்ணியா, குழாத் தண்ணியா?"

"குழாத் தண்ணிதான். ஏன்?"

"குழாத் தண்ணியில குளோரின் கீது. ஊத்துங்க, ரெண்டும் சாவட்டும்."

சாய்ரா சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கௌஸ் கடை திறக்குமுன் ஒருதரம், நோன்பு திறக்குமுன் ஒருதரம் வந்தார். பெருநாள் கூட்டம் நெரிகிற கடையை ஜமீரிடம் விட்டுவிட்டு, ஒரு மீனுக்கு மருந்து வாங்கக் காஞ்சிபுரம் வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தார். கல்லுப்பு போட்டார், நீல மருந்து சொட்டினார். சிவப்புக்கு வயிறு முட்டத் தீனி போட்டார். தின்றவன் சோம்பிக் கிடப்பான் என்று. கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு அதனிடம் பேசினார்: "டேய், பிறை தெரியுறவரைக்கும் பொறுத்துக்கடா ராஜா. அப்பால உன் இஷ்டம்." மிராசிடமும் பேசினார்: "சாவாதடா. நல்லா இருப்ப. சாவாத."

மீனை வளர்த்தவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

மானாம்பதிப் பக்கத்திலிருந்து கனகா என்ற விவசாயிப் பெண் அவளுக்கு மண்புழு கொண்டுவந்து தருவாள். நாற்றங்கால் மண்ணோடு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நெளியும். பெரிய மீன்களுக்கு அதுதான் விருந்து. அந்த வாரம் வந்தவள் தொட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா பாயம்மா, மிராசு இப்டி ஆயிட்டான்? ரெக்கையெல்லாம் நார் நாரா கீது."

உம்முல் குல்சும் நடந்ததைச் சொன்னாள். கனகா சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"அப்ப நீ நோம்பு வெச்சிக்கினு, அஞ்சு வேளையும் தொயுதுக்கினு, இன்னான்னு வேண்டிக்கினு கீற? பொயைக்கட்டும்னா, சாவட்டும்னா?"

"ஒண்ணும் வேண்டல."

"ஒண்ணும் வேண்டலன்னா?"

"அந்த எடம் வரும்போது வாய மூடிக்கிறேன்."

கனகா குனிந்து குழாய்ப் பக்கம் பார்த்தாள். "எங்க வூட்ல கன்னுக்குட்டி ஒண்ணு இப்டித்தான் சாவாம இழுத்துக்கினு கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரரு ராத்திரில போயி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "புழு போடவா?"

"போடு."

சிவப்புதான் எல்லாவற்றையும் தின்றது.

அவள் தொட்டியில் கையே விடுவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சிவப்பு வருவதற்கு முன்பு, கையை விட்டால் மிராசு நேராக வந்து உள்ளங்கையில் தலையை வைத்துத் தேய்க்கும். நெற்றிப் புடைப்பை விரலால் வருடினால் அப்படியே நின்றுவிடும். சண்டை தொடங்கிய மறுநாள், மேலே மிதந்த குப்பையை எடுக்க அவள் கையை விட்டாள். மிராசு சந்தை விட்டு வெளியே வந்துவிட்டது, அவள் கைக்கு. வந்த உடனே சிவப்பு பாய்ந்தது. அவள் கையை உருவிக்கொண்ட பிறகுதான் அது மறுபடி சந்துக்குள் ஓடியது. அந்த ஒரு தடவையில்தான் ஒரு பக்கத்துத் துடுப்பு பாதி போனது. அதிலிருந்து அவள் கை தண்ணீரைத் தொடவில்லை.

அவள் மிராசைக் காப்பாற்றினாள் என்றும் சொல்லலாம். தன் அறையைத் தானே விற்றுக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம்.

பிறை பார்க்க வேண்டிய சாயங்காலம், ஊரில் எல்லார் வீட்டிலும் போல அந்த வீட்டிலும் மொட்டைமாடிக்கு வந்தார்கள். மொட்டைமாடிக்கு வழி அவள் அறை வாசல் வழியாகத்தான். சாய்ரா போகிறபோது எட்டிப் பார்த்து, மிராசின் செவுள் அசைகிறதைக் கண்டு மாஷா அல்லாஹ் என்றாள். கௌஸ் வந்தவாசிக்கு ஏற்கனவே போன் போட்டுவிட்டிருந்தார். உம்முல் குல்சும் சின்னத் தொட்டி மீன்களைப் பாதிக்கு மேல் விற்றுக் கழித்துவிட்டிருந்தாள். தகரப்பெட்டியில் துணி மடித்து வைத்தாயிற்று. வந்தவாசி வீட்டில் தொட்டி வைக்க இடம் உண்டா என்று ஜமீர் மூலமாகக் கேட்டதற்கு, "எதுக்கு?" என்று பதில் வந்திருந்தது.

ஐப்பசி மேகம். மேற்கே அடைத்துக்கொண்டு நின்றது. ஏரிக்கரைப் பனைமரத்துக்கு மேலே ஒரு கிழிசல்கூட இல்லை. பள்ளிவாசல் மைக்கில் கரகரப்பு வந்து, எங்கும் பிறை தெரிந்ததாகத் தகவல் இல்லை, நாளைக்கும் நோன்பு என்றார்கள்.

"சரி, பிறை மேகத்துக்குப் பின்னால கீது" என்றார் கௌஸ். "இல்லாமலா போயிடும்? நாளோட கணக்கு முடிஞ்சிபோச்சு."

"நீ பாத்தியாண்ணே?"

"நான் பாக்கல. ஆனா..."

"தெரியுறவரைக்கும்னு சொன்னது நீதான்."

கௌஸ் அவளையே பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில், நல்ல வாடிக்கையாளரைக் கண்டால் வருகிற சிரிப்பு வந்தது. "சரி. நாளைக்கு ஒரு நாளு. இத்தினி நாளு கெடந்தது நாளைக்கா சாவப்போவுது?"

மறுநாள் மத்தியான ளுஹர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் வேறு யாரும் இல்லை. பெருநாளுக்கு முந்தின நாள். கடையில் துணி கிழிக்கக் கை போதாமல் சாய்ராவையும் கல்லாவில் உட்காரவைத்திருந்தார்கள். தெருவில் தையல்காரர்களிடம் சண்டை போடுகிற சத்தம் மேலே கேட்டது. உம்முல் குல்சும் தகரப்பெட்டியை ஒருதரம் திறந்து மூடினாள். சுவரில் தொட்டி இருந்த இடங்களில் ஈரக் கறை கட்டம் கட்டமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தாள். அந்த ஜன்னலிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது; எதிர்க் கடையின் தகரக் கூரை, ஒரு கரண்ட் கம்பம். ஆற்காட்டிலிருந்து வந்த அன்றைக்கு அழுகிறதற்கு அவளுக்குக் கிடைத்த இடம் அது. அப்புறம் சிரிப்பதற்கும் அதே இடம்தான். வேறு எங்கும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

தொட்டிக்கு வந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

குழாய்க்குப் பின்னால் அசைவு தெரிந்தது. மிராசுக்கு நீந்தவே முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. நடுத்தொட்டிக்கு வந்து அவள் உள்ளங்கையில் தலையை வைத்தது. நெற்றிப் புடைப்பு வற்றிப்போய் பழைய பணப்பை மாதிரி தொளதொளவென்று இருந்தது. அவள் வருடினாள்.

சிவப்பு சட்டியிலிருந்து வந்தது.

முதல் இடியில் மிராசு திரும்பவில்லை. கையில்தான் மேலும் ஒட்டிக்கொண்டது, அது ஏதோ சந்து மாதிரி. சிவப்பு சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது, மறுபடி வந்தது. செதில் உதிர்ந்து வெயிலில் மினுங்கிக்கொண்டே அடியில் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. ஒருதரம் சிவப்பு குறி தப்பி அவள் விரலைக் கடித்தது; நகத்துக்குப் பக்கத்தில் கிழிந்து, ரத்தம் புகை மாதிரி தண்ணீரில் கலந்தது. அப்போதும் எடுக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த உடம்பு துடிப்பது நின்று, பிறகு மெல்லத் திரும்பி வயிறு மேலே வந்தது.

அதன் பிறகு எடுத்தாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு அஸர் தொழுதாள்.

சூரியன் விழுந்ததும் மேற்கே மேகம் விலகியது. ஊர் முழுக்க வெடிச் சத்தம். கௌஸ் கடையிலிருந்து ஓடி வந்தார். அந்த வயசில் படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார்.

"தெரிஞ்சிடுச்சு! நல்லா ஊசி கணக்கா கீது, வந்து பாரு..."

தொட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து மிராசைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து தங்கையின் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். துணியில் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தார். எதையும் வெளியே எடுக்கக்கூடாது என்று அவர் நிபந்தனை போட்டிருந்தார். உள்ளே விடக்கூடாது என்று போடவில்லை.

"எப்ப செத்துச்சு?"

"பிறைக்கு முன்னாடி."

"ம்."

படியிறங்கப் போனவர் பாதியில் நின்றார். திரும்பாமலே கேட்டார்: "அத்தினி ஆசையா வளத்தியேம்மா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கிப் போனார். கீழே சாய்ராவின் குரல் உயர்ந்து, ஜமீரின் குரல் உயர்ந்து, அதற்கு மேலே கௌஸின் குரல் கேட்டது: "பேசி முடிச்சாச்சு. இனிமே எவனாச்சும் ரூம்புன்னு வாயத் தொறந்தீங்க, பல்லு இருக்காது."

வந்தவாசிக்கு அவரே போன் செய்து இல்லை என்றார். பெருநாள் காலையில் வந்த கனகா, மிராசைப் பழைய துணியில் சுற்றி எடுத்துப் போய்த் தன் நாற்றங்கால் வரப்பில் புதைத்தாள். எப்படிச் செத்தது என்று கேட்கவில்லை. மண்புழு கொண்டுவருவதை மட்டும் குறைத்துக்கொண்டாள். சிவப்பை விற்றவன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றான். தொட்டியிலேயே அது கிடந்தது. உம்முல் குல்சும் வேளாவேளைக்குத் தீனி போட்டாள். கரண்டியால் போட்டாள்.

ஜமீருக்குக் கல்யாணம் ஆனது. கூடத்தில் பிளைவுட் தட்டி வைத்து மறைத்து ஒரு கட்டில் போட்டார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். செய்யாறிலிருந்து வந்த பெண், ஷாஹீதா, அதிர்ந்து பேசாதவள். மாமியார் எதிரில் உட்காரமாட்டாள். அடுப்பங்கரையில் சாய்ரா எங்கே நிற்கிறாளோ அதற்கு எதிர்மூலையில் நிற்பாள். ரெண்டு நாள் கழித்துப் பழகிவிடும் என்று கௌஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனி வந்தும் பழகவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. மாடிப்படியில் மெதுவாகக் கொலுசுச் சத்தம் கேட்டு உம்முல் குல்சும் எழுந்து வந்தாள். கடைசிப் படியில் ஷாஹீதா நின்றிருந்தாள். நெற்றியில் வேர்வை. கக்கத்தில் இடுக்கிய ஒரு தலையணை.

"இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. கீய ரொம்பப் புயுக்கமா கீது. மாமி படுத்துக்கினு கீறாங்க, நான் பொரண்டா கட்டிலு சத்தம் கேக்குதாம்." சிரிக்கப் பார்த்தாள். "ரவ நேரம் மீனு பாத்துக்கினு இங்க ஒக்காந்துக்கட்டா?"

உம்முல் குல்சும் அவளைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. கையில் தலையணை. அந்தத் தலையணையையே பார்த்தாள். உறை புதுசு, ஓரத்தில் பூ வேலை, சீரோடு வந்தது.

"தலகாணி எதுக்கு?"

"சும்மா... முதுகுக்கு."

"கீய போம்மா."

"ரவ நேரந்தான் அத்தை. கண்ணு மூடி எத்தினி நாளாச்சு தெரியுமா..."

"கீய போன்னு சொல்றேன்ல?"

அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. நிலைப்படியின் இரண்டு பக்கமும் தன் கைகள் எப்போது போயின என்றும் தெரியவில்லை. பெண் தலையணையை மார்போடு சேர்த்துக்கொண்டு திரும்பினாள். கொலுசுச் சத்தம் படி படியாக இறங்கி, கூடத்தில் போய், தட்டிக்குப் பின்னால் நின்றது.

அந்த வாரமே உம்முல் குல்சும் ஒரு தச்சாசாரியை வரச்சொன்னாள். மாடிப்படி ஆரம்பிக்கிற இடத்தில், கீழ்ப்படியிலேயே, ஒரு கதவு வைக்கவேண்டும் என்றாள். ஆசாரி அளவெடுக்கும்போது கௌஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்துக்கொண்டார். ஷாஹீதா தண்ணீர்ச் சொம்போடு சுவரோரம் ஒதுங்கி வழி விட்டாள்.

"தாப்பா எந்தப் பக்கம் வெக்கட்டும் பாயம்மா?" என்று ஆசாரி கேட்டான்.

"என் பக்கம்" என்றாள் உம்முல் குல்சும்.